தெரிந்தே மறைத்தது

பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கிய வகைகளையும் அணிகளையும் சொல்லிக் கொடுத்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன். மோகனூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அத்தனை காலமும் நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட இலக்கிய வகைகளின் பட்டியல் குறையுடையது. தெரியாமல் விட்டிருந்தால் அறியாமை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம். நான் தெரிந்தே விட்டேன். என்ன விட்டேன், ஏன் விட்டேன், அதனால் யாருக்கு என்ன ஆனது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தொல்காப்பியச் செய்யுளியல் இலக்கியத்தை ஏழாகப் பிரிக்கிறது: பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல். பாட்டும் உரையும் எல்லாருக்கும் தெரிந்தவை. நூல் என்றால் இலக்கணம் போலச் சூத்திரமாகக் கட்டிய சாத்திரம். வாய்மொழி, நிறைமொழி மாந்தர் ஆணையிட்டுச் சொன்ன மந்திரம். அங்கதம் வசை, நேராக வைவது ஒன்று, வைவது தெரியாமல் மறைத்து வைவது இன்னொன்று என்று அதிலும் இரண்டு உண்டு. மீதி இருப்பவை பிசியும் முதுசொல்லும். பிசி என்பது விடுகதை. முதுசொல் என்பது பழமொழி. திண்ணையில் கிழவி போடும் விடுகதையும், வாய்க்கால் வரப்புச் சண்டையில் பெரியவர் எடுத்துவிடும் பழமொழியும், புலவர் பாடிய பாட்டோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. விடுகதையில் ஒப்புமை வைத்துச் சொல்வது ஒரு வகை, அடையாளம் காட்டி ஊகிக்க விடுவது ஒரு வகை என்று அதற்கும் இலக்கணம் சொல்லப்பட்டிருக்கிறது. பழமொழிக்கு நுட்பம் வேண்டும், சுருக்கம் வேண்டும், ஒளி வேண்டும், எளிமை வேண்டும் என்கிறார் தொல்காப்பியர். எந்தப் புலவனிடம் கேட்பதையும் விட இது குறைவானதல்ல.

அதே செய்யுளியல் எட்டு வனப்புகளைச் சொல்கிறது. பழங்கதை சொல்வது தொன்மை. புதிதாகச் செய்வது விருந்து. தெருவில் வழங்கும் பேச்சாலேயே செவ்வையாகச் சொல்லி, கேட்டவுடன், தேடித் திரியாமல் பொருள் விளங்குமாறு செய்வது புலன். தமிழின் மிகப் பழைய இலக்கண நூல், ஊர்ப் பேச்சில் கட்டிய இலக்கியத்துக்கு ஒரு பெயர் வைத்து, அதை அழகு என்றும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த நூற்பாக்களை நான் எம்.ஏ. தேர்வுக்கு மனப்பாடம் செய்தவள். உரைகளோடு படித்தவள். ஆனால் வகுப்பில் சங்க இலக்கியம், நீதி இலக்கியம், காப்பியம், பக்தி இலக்கியம், தொண்ணூற்றாறு வகைச் சிற்றிலக்கியம், அப்புறம் 1879-இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் தொடங்கி நாவல், சிறுகதை, புதுக்கவிதை என்று முடித்துவிடுவேன். பாடநூலில் நாட்டுப்புறப் பாடல்கள் என்று ஒரு பாடம் வரும். தாலாட்டு, ஏற்றப்பாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி என்று அதில் நாலு தலைப்புகள் இருக்கும். “இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். நேரமில்லை என்று காரணம் சொல்வேன். நேரம் இருந்தது.

என் அம்மா ஒப்பாரி பாடுவார். அதுதான் காரணம்.

கூலிக்குப் பாடியவர் அல்ல. சொந்தபந்தத்தில், ஊரில், எழவு விழுந்தால் அம்மாவைக் கூப்பிட ஆள் வரும். அவர் போய் உட்கார்ந்தால்தான் அழுகைக்கு ஒரு ஒழுங்கு வரும் என்பார்கள். பெண்கள் வட்டமாக ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு உட்கார, அம்மா எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். போனவர் யார், அவர் என்ன தொழில் செய்தார், யாரை விட்டுவிட்டுப் போனார், யாரோடு பேசாமலே போனார் என்பதெல்லாம் அந்தப் பாட்டுக்குள் வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர். எந்த வீட்டுப் பாட்டும் இன்னொரு வீட்டுக்கு அப்படியே போகாது.

என் மாமா, அம்மாவின் அண்ணன், காவிரியின் அக்கரையில் வாங்கலில் இருந்தார். அப்போது ஆற்றுக்கு மேல் பாலம் இல்லை. ஆடி நோம்பிக்குத் தங்கைக்குச் சீர் எடுத்துக்கொண்டு பரிசலில் வருவார். ஒரு வைகாசியில் அவர் இறந்தார். அடுத்து வந்த ஆடியில், காவிரியில் புதுத் தண்ணீர் வந்த அன்று, அம்மா படித்துறைக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்து பாடினார். போன நோம்பிக்குத் தண்ணியும் வந்துது பொறந்தவனும் வந்தான், இந்த நோம்பிக்குத் தண்ணி மட்டும் வந்து நிக்குதே என்று தொடங்கினார். பிறகு, மேட்டூருல தொறந்து விட்டா ஆத்துக்குத் தண்ணி திரும்பும், எந்த மதகத் தொறந்தா என் அண்ணன் திரும்புவான் என்று கேட்டார்.

இரண்டாவதாகச் சொன்னது வேற்றுமை அணி. இரண்டு பொருள்களுக்குள் ஓர் ஒப்புமையை முதலில் காட்டிவிட்டு, பிறகு எங்கே அவை வேறுபடுகின்றன என்று பிரித்துக் காட்டுவதைத் தண்டியலங்காரம் அப்படிச் சொல்கிறது. ஆறும் போனது, அண்ணனும் போனான். அதுவரை இரண்டும் ஒன்று. ஆற்றுக்கு மேட்டூர் அணை இருக்கிறது, அண்ணனுக்கு அப்படி ஓர் அணை இல்லை, அங்கே பிரிகிறது. வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவிப் பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் செய்யப்பட்டது தண்டியலங்காரம். பொதுவியல், பொருளணியியல், சொல்லணியியல் என்று மூன்று பகுதி. பொருளணியில் மட்டும் முப்பத்தைந்து அணி. எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பெயர் சொல்ல எனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஒன்றின் பெயரும் தெரியாது. செய்தவர் அம்மா. அதோடு, எத்தனை ஒப்பாரி பாடினாலும் ‘செத்தான்’ என்ற சொல் அவர் வாயில் வராது. பரிசல் ஏறிப் போனவன், அக்கரைக்குப் போனவன் என்றே வரும். அமங்கலத்தை வேறு சொல்லால் சொல்வதை நன்னூல் தகுதி வழக்கில் மங்கலம் என்று தனியாக வைத்திருக்கிறது.

முதலில் சொன்ன பாட்டோ, புறநானூற்றில் பாரி மகளிர் பாடியதாக உள்ள கையறுநிலைப் பாட்டுக்கு நேர் உறவு. அந்தப் பெண்கள் போன மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். நிலவு அதேதான், தந்தையும் குன்றும் இல்லை. என் அம்மா போன ஆடியையும் இந்த ஆடியையும் வைத்தார். இறந்தவரை எண்ணி, செய்வதறியாது நின்று பாடுவது கையறுநிலை. கபிலர் பாரிக்காகப் பாடினார். ஔவையார் தகடூர் அதியமானுக்காகப் பாடினார். இந்தத் துறையை நான் பிள்ளைகளுக்கு நடத்தும்போது என் குரல் கம்மும். வகுப்பே அமைதியாகிவிடும். நல்ல டீச்சர் என்ற பெயர் எனக்கு வந்ததே அந்தப் பாடத்தால்தான். அந்தக் குரலை நான் யாரிடமிருந்து எடுத்தேன் என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை.

கல்லூரியில் செய்ததைச் சொல்ல எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. எழுபதுகளின் கடைசி அது. நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964-இலேயே வந்துவிட்டது. அதைப் படித்து உற்சாகம் கொண்ட ஒரு பேராசிரியர் எங்களுக்கு வாய்த்திருந்தார். “உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் ஒப்பாரி, தாலாட்டு பாடுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், டேப் ரெக்கார்டரோடு நானே வருகிறேன்” என்றார். வகுப்பில் சிலர் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. பாடவேளை முடிந்து வெளியே வந்தபோது அவராகவே என்னை நிறுத்தி, “காவிரிக் கரையில் நல்ல பாடகிகள் இருப்பார்களே, உங்கள் வீட்டில் யாரும் பாடுவதில்லையா அம்மா?” என்று கேட்டார்.

“எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமெல்லாம் இல்லை சார்” என்றேன்.

யாரும் என்னை இழிவாகப் பேசவில்லை. அவர் மரியாதையோடு கேட்டார். விடுதியில் என்னோடு இருந்த பெண்களின் அம்மாக்கள் வானொலி கேட்பவர்கள், கடிதம் எழுதுபவர்கள். என் அம்மா எழவு வீட்டில் மார் அடித்துப் பாடுகிறவர். அந்தச் சித்திரத்தை அவர்கள் கண் முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்கு அப்புறம் நான் பல பெயர் வைத்தேன்: தரம், செந்நெறி, பிழையில்லாத் தமிழ்.

அந்த விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, “காலேஜுல என்ன கண்ணு படிக்கறே, எனக்கும் சொல்லேன்” என்று அம்மா கேட்டார். பாரி மகளிர் பாட்டைப் படித்துப் பொருள் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “பாவம், அந்தப் புள்ளைகளுக்கு அப்பனும் போயி ஊரும் போச்சா?” என்றார். பிறகு, “இதுக்கு ராகம் இல்லியா சாமி? ராகமில்லாம எப்படி அழுதிருக்கும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சங்கப் பாட்டு எப்படி இசைக்கப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி. என் அம்மா ஒரு தடவை காதில் வாங்கியதுமே அங்கே போய் நின்றுவிட்டார். நீங்களும் இதைத்தான் பாடுகிறீர்கள் அம்மா, இதற்குக் கையறுநிலை என்று பெயர் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் படிப்பு அவர் படிப்பைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

அவர் பாட்டு எந்த நாடாவிலும் இல்லை. மேலே எழுதிய இரண்டைத் தவிர முழுதாக எதுவும் என் நினைவிலும் இல்லை.

என் அம்மாவோடு இது முடிந்திருந்தால் என் வீட்டுத் துக்கம் என்று விட்டுவிடலாம். வகுப்பறைக்கும் அதைக் கொண்டுபோனேன்.

தற்குறிப்பேற்ற அணி என்று ஒன்று உண்டு. இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது. பாடநூல் எடுத்துக்காட்டு சிலப்பதிகாரத்திலிருந்து வரும். மதுரைக் கோட்டைமேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. அது காற்றின் வேலை. கோவலனும் கண்ணகியும் வரும்போது அதே அசைவை, உள்ளே வராதீர்கள் என்று கொடிகள் கைகாட்டி மறிப்பதாக இளங்கோவடிகள் சொல்கிறார். நடக்கப்போவதை அறிந்த கவிஞரின் நெஞ்சு கொடியில் ஏறிக்கொள்கிறது. உவமைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் பிடிப்பது சிரமம். உவமையில் இரண்டு பொருள் வேண்டும். செயலாலோ பயனாலோ வடிவாலோ நிறத்தாலோ ஒன்று இன்னொன்றைப் போல இருக்க வேண்டும். உருவகத்தில் அந்த இரண்டும் ஒன்றேயாகிவிடும். தற்குறிப்பேற்றத்தில் ஒரே பொருள்தான், ஒரே நிகழ்ச்சிதான். காரணத்தை மட்டும் கவிஞர் மாற்றுகிறார்.

ஓர் அரையாண்டுத் தேர்வில் இந்த அணியை எடுத்துக்காட்டுடன் விளக்கச் சொல்லியிருந்தேன். கேள்வித்தாள் நான் தயாரித்தது. ஒரு பெண், இலக்கணத்தைச் சரியாக எழுதிவிட்டு, சிலப்பதிகாரத்துக்குப் பதிலாகத் தன் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தாள். அவர் கரும்பு வெட்டும் வேலை செய்தவர். அந்த வருடம் இறந்துபோயிருந்தார். சர்க்கரை ஆலையில் தினமும் ஊதும் சங்கு அவரை எடுத்துக்கொண்டு போன நேரத்திலும் ஊதியதாம். இத்தனை வருஷம் வெட்டிப் போட்ட மனுசனுக்கு ஆலையே அழுது சங்கு ஊதிவிட்டது என்று எழுதியிருந்தாள்.

வேலை முறை மாறும்போது ஆலையில் சங்கு ஊதுவது இயல்பு. அதன்மேல் தன் துக்கத்தை ஏற்றியிருக்கிறாள். அணி அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. இறுதி ஊர்வலத்தில் ஊதுவதும் சங்குதான் என்பதால் சிலேடையும் சேர்ந்துவிட்டது. இரட்டுற மொழிதல் என்று அதற்கும் தனிக் கேள்வி கேட்பேன் நான். படித்ததும் எனக்கு நெஞ்சில் தட்டியது. தட்டியது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். தட்டிய பிறகு எடுத்துக்காட்டுக்கு உரிய மதிப்பெண்ணில் சுழி போட்டு, ஓரத்தில் “பாடநூலில் உள்ளதை எழுதுக” என்று சிவப்பு மையில் எழுதினேன்.

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். “டீச்சர், இதும் தற்குறிப்பேற்றந்தானுங்களே?”

“பரீட்சையில இப்படி எழுதினா மார்க் போட மாட்டாங்க. போய் உட்காரு.”

அரசுப் பொதுத்தேர்வில் விடைக்குறிப்பு என்று ஒன்று இருக்கிறது, திருத்துகிறவருக்குக் கை கட்டு உண்டு என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது என் தேர்வு, என் பேனா. ‘மாட்டாங்க’ என்று நான் யாரையோ போலச் சொன்னது பொய். போடாதவள் நான். அந்தப் பெண்ணின் தாளில் எழவு வீட்டு வாசனை வந்தது. அதை என் வகுப்பிலிருந்து வெளியே தள்ளினேன்.

இன்னொரு பையன், வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்யும் குடும்பம். கட்டுரை நோட்டில் தானாக ஒரு விடுகதை கட்டி எழுதியிருந்தான்: ஒரே பிரசவம், ஒடனே வெட்டு, ஒட்டி நிக்குது ஒம்போது புள்ள. வாழை. தாய் மரம் ஒரு தார் ஈன்றதும் வெட்டுப்படுவதையும், பக்கக்கன்றுகள் சுற்றி நிற்பதையும் தினம் பார்க்கிற கண் அது. பிசிக்குத் தொல்காப்பியர் கேட்கும் ஒப்புமை, அடையாளம் இரண்டும் அதில் இருந்தன. கட்டுரையில் விடுகதை எழுதாதே என்று பக்கத்தைக் கோடு போட்டு அடித்தேன். இப்படி எத்தனையோ நோட்டுகளில் ஒறம்பரை என்று இருந்ததை விருந்தினர் என்றும், நோம்பியைத் திருவிழா என்றும் மாற்றியிருக்கிறேன். இதே கொங்குப் பேச்சை வைத்து ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவலை 1942-இலேயே எழுதிவிட்டார். திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் 2000-இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி வெளியிட்டார். அதைப் புரட்டியபோது நான் நோட்டுகளில் அடித்த சொற்கள் பல வரிசையாக அச்சில் கிடந்தன. மூடி வைத்துவிட்டேன். அப்போதும் மாறவில்லை.

எங்கள் ஊரில் பிறந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1888 அக்டோபர் 19. மோகனூரில் தமிழ் சொல்லிக் கொடுப்பவருக்கு இலக்கிய வகைகளை விளக்க அவர் ஒருவரே போதும். சங்கொலி, தமிழன் இதயம் என்று கவிதைத் தொகுதிகள். அவனும் அவளும் என்று செய்யுளில் ஒரு முழுக் கதை. மலைக்கள்ளன் நாவல். என் கதை தன்வரலாறு. கம்பனையும் வால்மீகியையும் ஒப்பிட்டு ஆராய்ச்சி. திருக்குறளுக்கு உரை. ஓவியராகவும் இருந்தவர். 1949-இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானவர். ஒரே மனிதர் செய்யுளிலிருந்து உரைநடைக்கும், கதையிலிருந்து சொந்த வாழ்க்கைக்கும், அங்கிருந்து ஆராய்ச்சிக்கும் போகும்போது மொழி எப்படி மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்று காட்டினால் வகை என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

நான் செய்தது என்ன? மனப்பாடப் பகுதியில் அவர் பாட்டு வந்தால் ஒப்புவிக்கச் சொல்வேன். பிறந்த தேதி கேட்பேன். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த தொண்டர்கள் பாடிக்கொண்டே போக அவர் எழுதிய பாட்டை, நடந்தபடி பாடும் பாட்டாக ஒருநாளும் நடத்தவில்லை. கால் எட்டு வைப்பதற்கும் தாளத்துக்கும் உள்ள கணக்கை விளக்கவில்லை. படிக்காத தொண்டனுக்கும் முதல் தடவையிலேயே விளங்கும்படி எழுதியதுதான் அதன் பலம். புலன் என்ற வனப்புக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டை இந்த ஊரில் தேட வேண்டாம். நானோ அவரை ‘எளிய கவிஞர்’ என்று ஒரு மாதிரிக் குரலில் சொல்வேன். பிள்ளைகளுக்கு அந்தக் குரல் புரியும்.

நூலகப் பாடவேளையில் ஒரு மாணவன் மலைக்கள்ளனைக் கையில் வைத்திருந்தான். “இதெல்லாம் பொழுதுபோக்கு, இலக்கியம் இல்லை, வேறு எடு” என்று வாங்கி அலமாரியில் வைத்தேன். அந்த நாவல் 1954-இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகி, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படமானது. அந்தக் கதை எனக்குச் சினிமாவாகத்தான் தெரியும். புத்தகத்தை நான் அப்போது படித்திருக்கவில்லை. படிக்காத நாவலை இலக்கியமில்லை என்று சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். மாறுவேடமும் மர்மமும் கொண்டு விறுவிறுவென்று போகும் கதை. சாகச நாவல் என்பது ஒரு வகை. அதற்கென்று ஒழுங்கு இருக்கிறது: எதை எப்போது மறைப்பது, யாரிடம் முதலில் வெளிப்படுத்துவது, வாசகனுக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் எவ்வளவு தூரம் இழுப்பது. உளவியல் நாவலிடம் கேட்பதை இதனிடம் கேட்டுவிட்டுக் குறை சொல்வது வாசிக்கத் தெரியாதவர் வேலை. அந்தப் பையன் அதற்குப் பிறகு நூலகத்தில் எதையும் எடுத்து நான் பார்க்கவில்லை.

அண்ணன்மார் கதையையும் சொல்லவேண்டும். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள். கொங்கு நாட்டில் உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடும் கதை. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்துக்கு வந்து அதை முழுதாக ஒலிப்பதிவு செய்தார். அது பிறகு தமிழும் ஆங்கிலமுமாக நூலானது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்தக் கதையை மடியில் உட்கார்ந்து கேட்டவர்கள். நான் அவர்களுக்குப் பெருங்காப்பிய இலக்கணத்தைத் தண்டியலங்காரப்படி நடத்தினேன்: வாழ்த்து, வணக்கம், வருபொருள், நாற்பொருள், தன்னிகரில்லாத் தலைவன், மலை கடல் நாடு நகர் பருவ வருணனை. ஒரு பிள்ளையாவது ‘அண்ணன்மார் கதை காப்பியமா டீச்சர்?’ என்று கேட்டிருந்தால் எவ்வளவு பேசியிருக்கலாம். ஒருவர் தலைவரா, இருவரா? களத்தில் விழுந்த அண்ணன்மாரைக் காட்டில் தேடிப் போய் எழுப்பும் தங்காளைத் தலைவி என்று சொல்லலாமா? அவள் அழுகை கதைக்குள் வரும் ஒப்பாரிதானே? கோவலனை இழந்த கண்ணகியின் புலம்பல் காப்பியத்துக்குள் வந்தது போலத்தானே? அப்படிப் போனால் ஒப்பாரியைத் தொட்டே ஆகவேண்டும். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று அதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆலைச் சங்கு எழுதிய பெண்ணைச் சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. “டீச்சர், நல்லாருக்கீங்ளா?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பந்திக்குக் காத்திருந்தபோது, அன்றைக்கு நான் போட்ட சுழி தப்பு, நீ எழுதியது சரி, எனக்கு அப்போதே தெரியும் என்று சொன்னேன். அவளுக்கு நினைவிருந்தது. கோபப்படவில்லை. “அதனால என்னங் டீச்சர். அதுக்கப்பறம் நான் சொந்தமா எதும் எழுதலீங். புஸ்தகத்துல இருக்கறத அப்படியே எழுதினேன், மார்க் நல்லா வந்துச்சுங். நீங்க சொன்னதுனாலதான்” என்றாள். எனக்கு நன்றி சொன்னாள். சாப்பிட முடியவில்லை.

அதன் பிறகுதான் பாட்டுச் சேகரிக்கலாம் என்று இறங்கினேன். செய்த தப்புக்கு இது ஈடாகாது. வயதான பெண்களிடம் போய்க் கேட்டால், எழவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அந்த வகை இலக்கியத்துக்கு இடமும் நேரமும் உண்டு. தாலாட்டுக்குக் குழந்தை வேண்டும், ஏற்றப்பாட்டுக்குக் கிணறு வேண்டும். களத்தைப் பிரித்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்பது முறையல்ல. ஆகவே எழவு வீடுகளுக்கே போகிறேன். அம்மாவைக் கூப்பிட ஆள் வரும்; என்னை யாரும் கூப்பிடுவதில்லை, நானாகப் போகிறேன். நான் போய் உட்கார்ந்ததும் பாட்டு நின்றுவிடுகிறது. “டீச்சரு வந்துட்டாங்க” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். என்னிடம் படித்த பெண்களே அந்த வட்டத்தில் இருக்கிறார்கள். “உங்க முன்னால எப்படிங் பாடறது, தப்பாயிருமுங்” என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள்.

இப்போதெல்லாம் வட்டத்துக்கு வெளியே, சுவரோரமாக உட்கார்ந்துகொள்கிறேன். நோட்டும் செல்போனும் கையில் எடுப்பதில்லை. சில வீடுகளில் கடைசிவரை பாட்டு எழும்புவதில்லை. சிலவற்றில், என்னைப் பொருட்படுத்தாத ஒரு பாட்டி எடுத்துக் கொடுத்துவிடுகிறார், மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, நினைவில் நின்றதை எழுதுகிறேன். காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, பாடியவரிடமே போய், எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, வாசித்துக் காட்டி, அவர் சொன்னபடி திருத்திக்கொள்கிறேன். சொல் ஒன்றையும் நான் மாற்றுவதில்லை.